பினாங்கில் நான் திறக்க வைத்த கதவு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்று மாடி லாட்ஜ். வேடசந்தூர் சாலையில் ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபம். அந்த மண்டபத்துக்குள்ளேயே, கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவர்கள் எல்லாரும் தண்ணீர் இல்லை என்று கைவிட்ட இடத்தில், எந்தக் கோடைக்கும் வற்றாத ஒரு போர்வெல். கன்னிவாடியில் தென்னந்தோப்பு. இவ்வளவையும் உண்டாக்கியவன், ஐந்தாம் வகுப்பில் பாதியில் எழுந்து வெங்காயப் பேட்டைக்கு மூட்டை தூக்கப் போன சவரிமுத்து. அதாவது நான். அப்பன் சொத்து என்று ஒரு முழக் கயிறுகூட எனக்கு வரவில்லை. லாட்ஜ் கட்டக் கடன் கேட்டபோது, "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் ஒரு பேங்க் மேனேஜர். அவர் மகள் கல்யாணம் பிற்பாடு என் மண்டபத்தில்தான் நடந்தது. சாம்பார் நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார்.

இந்த வரிசையில் இப்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. பினாங்கில் ஒரு கதவு. அதைக் கட்டியவன் நானில்லை, யாரோ வெள்ளைக்காரன். ஆனால் திறக்க வைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தங்கை பிலோமினாவைப் பினாங்கில் கட்டிக்கொடுத்தோம். மச்சான் எட்வர்டு குடும்பம் அங்கே போய் மூன்று தலைமுறை ஆகிறது. அவளுக்கு ஒரே மகன், ரிச்சர்ட். அவனுக்குக் கல்யாணம் என்று போன் வந்தது. பெண் சீனப் பெண், பெயர் மெய் லின். நம்மைப் போல வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம்தான். காலையில் கோயிலில் பூசை, மதியம் கடற்கரையோரம் ஒரு பழைய ஹோட்டலில் விருந்து என்று ஏற்பாடு.

தங்கை போனில் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணே, நீ வந்து நின்னா மட்டும் போதாது. சீரோட வரணும். எம் மதினி அக்னேஸ் இருக்காகள்ல, நான் இங்க காலு வெச்ச நாளையிலேருந்து ஒரே பாட்டு. திண்டுக்கல்லேருந்து வந்தது நீயும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான்னு. எனக்கு வேற புள்ளை இல்லை. இதுக்கு மேல இந்த வீட்டுல விசேஷமும் இல்லை. ஒரே ஒரு தடவை, எம் பொறந்த வீட்டுச் சீரு தலைவாசல்ல வந்து நிக்கணும்ணே. எம் மதினி கையால தட்டை வாங்கணும். அதைப் பார்த்துட்டா எனக்குப் போதும்."

அவள் கல்யாணமாகிப் போன காலத்தில் நான் மூட்டைதான் தூக்கிக்கொண்டிருந்தேன். டிரங்குப் பெட்டி வாங்கியதே பெரிய பாடு. இன்று அப்படியா?

சீர் என்றால் எங்கள் பக்கம் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தாய்மாமன் தட்டுத் தட்டாகத் துணி, பழம், தேங்காய், பலகாரம், பூ என்று வைத்து, மேளத்தோடு நடந்து வந்து, விசேஷ வீட்டின் தலைவாசலில் நின்றுவிடுவான். உள்ளே போகமாட்டான். வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து வாங்க வாங்க என்று அழைத்து, மாப்பிள்ளையின் அத்தை முதல் தட்டைக் கையில் வாங்க வேண்டும். பிறகுதான் நிலைப்படி தாண்டுவது. மாப்பிள்ளை மேடையேறும் முன் முதல் மாலை தாய்மாமன் மாலை. அழைக்காமல் நுழைந்தவன் சீர்க்காரன் இல்லை, சாமான் இறக்க வந்தவன்.

பித்தளைத் தாம்பாளங்கள் இருபத்தொன்றை என் மண்டபத்திலிருந்தே எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பெட்டியில் வைத்தேன். மதுரை விமான நிலையத்தில் பெட்டிக்குள் பார்க்கிற மிஷினில் பெரிய பெரிய வட்டமாகத் தெரிந்ததாம். ஒரு பையன் பயந்துபோய் இன்னொரு பையனைக் கூப்பிட்டான். பெட்டியைத் திறந்து காட்டினேன். "தாய்மாமன் சீரா? வெளிநாட்டுக்கா?" என்று கேட்டு, அவனே திரும்ப அடுக்கிக் கொடுத்தான். கைப்பையில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வைத்திருந்தேன். பினாங்கில் இறங்கியதும், பழம் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் என் மனைவி ஜெபமாலையும் அங்கேயே நின்று தின்று தீர்த்தோம். அதிகாரிக்கும் ஒன்றை நீட்டினேன். சட்டத்தில் இடமில்லை என்று சிரித்தார்.

ரிச்சர்ட் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் இறக்கியது அதே பழைய ஹோட்டலில். மாமாவுக்கு மரியாதை செய்கிறானாம். வெள்ளை வெளேரென்று, கப்பலைக் கரையில் ஏற்றி வைத்ததுபோல ஒரு கட்டடம். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த துரைமார் தங்கினார்களாம். அப்புறம் பாழடைந்து புறா அடைந்து கிடந்ததை, பழையபடியே திருத்திக் கட்டியிருக்கிறார்கள். முகப்பில் யானை நுழையும் உயரத்துக்கு இரட்டைக் கதவு. நாங்கள் பெட்டியோடு வந்ததால் பக்கத்துக் கண்ணாடி வாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள். என் மண்டபத்திலும் பெரிய கேட்டை விசேஷத்தன்றுதான் திறப்போம். அதனால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அங்கேதான் கணக்குத் தப்பியது. அது பின்னால் வரும்.

லாட்ஜ் நடத்துகிறவன் இன்னொருவன் கட்டிய லாட்ஜுக்குள் நுழைந்தால் சும்மா இருக்க முடியாது. மெத்தையை அமுக்கிப் பார்த்தேன், நல்ல மெத்தை. குழாயைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். வெந்நீர் வர என் லாட்ஜைவிட நேரமாகிறது. கட்டிலுக்கு நாலு பக்கமும் ஆளுயரக் கால் நட்டுவிட்டு, கொசுவலை கட்ட மறந்துவிட்டார்கள். கீழே ஒரு தரை ஓடு வெடித்திருக்கிறது. அதை மாற்றாமல், மேலே கண்ணாடி போட்டு, பக்கத்தில் சின்ன விளக்கும் வைத்திருக்கிறார்கள். ரிச்சர்ட் சொன்னான், "மாமா, அது ஒரிஜினல்." என் லாட்ஜில் ஓடு வெடித்தால் வாடகையில் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இங்கே சுற்றி நின்று போட்டோ எடுக்கிறார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்.

லிப்ட் ஒரு கம்பிக் கூண்டு. இழுத்துச் சாத்தும் கதவு. ஏறியவுடன் ஜெபமாலை சிலுவை போட்டுக்கொண்டாள். இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. குளியலறையில் சிங்கக்கால் வைத்த தொட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் திறந்தது. என் வேட்டிகளை ஊறவைத்து, அலசி, கடலைப் பார்த்த மாடத்தில் வரிசையாகக் காயப்போட்டாள். அரை மணி நேரத்தில் கீழிருந்து ஆள் வந்துவிட்டான். ரிச்சர்ட் மொழிபெயர்த்தான்: "துணியெல்லாம் ரொம்ப அழகா இருக்காம் அத்தை. ஆனா பில்டிங்கோட முகத்துல தொங்குதாம்."

"கடக்காத்துல காயாம வேற எங்க காயும்? கேட்டுச் சொல்லு," என்றாள் ஜெபமாலை. அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலை நாஷ்டா. ரொட்டி, தேங்காய்ப்பாலில் கிண்டிய ஒரு பச்சை ஜாம், பாதி வெந்த முட்டை. அந்த முட்டையைக் குடிக்க வேண்டுமா, தொட்டுக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். அங்கே இருந்த ஆஸ்திரேலியாக்காரப் பெரியவரும் அவர் மனைவியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவருமாகச் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து சிநேகம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. ஆனாலும் அவருக்கு மூட்டுவலி, மாட்டுப்பண்ணை, மூன்று பேத்திகள் என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். என் போர்வெல்லைப் பற்றி அவருக்குச் சொன்னேன். எத்தனை அடி என்பதைக் கையை ஏற்றி இறக்கிக் காட்டியபோது அவர் வாயைப் பிளந்தார்.

ரொட்டி வயிற்றில் நிற்கவில்லை. ஜெபமாலையோடு சாப்பாடு தேடிக் கிளம்பினேன். இலவச பஸ் ஒன்று வந்தது, ஏறினோம். அது ஊரைச் சுற்றிச் சுற்றி, ஏறின இடத்துக்கே கொண்டுவந்துவிட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. டிரைவர் மூன்றாவது சுற்றில் எங்களைக் கண்ணாடியில் பார்த்து, ஒரு கடை வாசலில் தானே நிறுத்தி, வாயில் கவளம் வைப்பதுபோலச் சைகை காட்டினார். அங்கே நம் ஊர் ராவுத்தர்கள் கொண்டுவந்த சாப்பாடு. சோற்றின்மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறார்கள். "ஒண்ணொண்ணாத்தான் ஊத்தினா என்னப்பா?" என்று கேட்டேன். "கலந்தாத்தான் ருசிண்ணே," என்றார் கடைக்காரர். திண்டுக்கல்காரனுக்கா ருசி சொல்லித் தருகிறாய் என்று ஒரு வாய் வைத்தேன். சீரகச் சம்பா இல்லாத குறை ஒன்றுதான். இன்னொரு தட்டு வாங்கினேன்.

திரும்பி வந்தால் ஹோட்டல் கூடத்தில் என் தங்கையும் அவள் நாத்தனார் அக்னேஸம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அக்னேஸம்மாவுக்கு எழுபதுக்கு மேல். முத்து மாலை, கையில் விசிறி, அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக் கடைசியில் ஒரு 'லா', குரல் மட்டும் கண்டக்டர் குரல். "வாங்க வாங்க! ரூம்பு எல்லாம் வசதியா இருக்குங்களா? எங்க ரிச்சர்ட்தான் போட்டுக் குடுத்தான்," என்றார்.

"வசதிக்கென்னம்மா. வெந்நீர்தான் செத்த நேரமாகுது."

"ஆங், அதுலாம் பழகிரும். எனக்கு ஒண்ணுதான் வெளங்கல லா. நீங்க மாடியில இருக்கீங்க, விருந்து கீழ் ஹால்ல. சீரு சீருன்னு பிலோமினா ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கு. சீரு எங்கேருந்து வரும்? லிப்ட்லயா எறங்கும்?"

விசிறியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் தங்கை தரையைப் பார்த்தாள். அவள் கை சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தம்மா சொன்னது நியாயம். சீர் என்பது பிறந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வர வேண்டும். விசேஷம் நடக்கிற கூரைக்குள்ளேயே படுத்து எழுந்து, அங்கிருந்தே தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் அதற்குப் பெயர் சீரா? இடம் மாற்றி வைத்தது என்று அர்த்தம். என் மருமகன் மரியாதை செய்வதாக நினைத்து, சீரின் காலை ஒடித்து வைத்திருந்தான். "நாளான்னைக்குப் பாருங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்போதே மறுபடி தெருவில் இறங்கினேன். அந்த ஊரில் எனக்கு ஒரு வீடு வேண்டும். அதுவும் அன்றைக்குள்.

தாய்மாமன் மாலைக்குச் சொல்லவும் போக வேண்டியிருந்ததால் பூக்கடைத் தெருவுக்குப் போனேன். நம் தெருக்கள் மாதிரியேதான் இருந்தது. சாக்கடை மட்டும் சுத்தம். கடைக்காரம்மா பெயர் லெட்சுமி. மாலையின் கனத்தை நான் சொன்னவுடன் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊருண்ணே நீங்க?"

"திண்டுக்கல்."

"ஐயோ, எங்க பாட்டன் நிலக்கோட்டை லா! நான் போனதில்லண்ணே. கேட்டதோட சரி."

நிலக்கோட்டை மல்லிகையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பிறகு என் வில்லங்கத்தையும் சொன்னேன். லெட்சுமி நார் பிரித்துக்கொண்டே கேட்டார். "உங்க தங்கச்சிய எனக்குத் தெரியும்ணே. கோயில் திருவிழாவுக்குப் பூ வாங்க வரும். அந்த முத்து மாலையையும் தெரியும். ரெண்டு வெள்ளிக் காசு கொறச்சுக் கேட்டு ரெண்டு மணி நேரம் நிக்கும்." கடையைச் சுற்றிக் கையை வீசினார். "இங்கேருந்து எடுங்க சீரு. கடைக்கு மேலதான் எங்க வீடு. உங்க தங்கச்சிக்கு இதான் பொறந்த வீடுன்னு வெச்சுக்குவோம். தட்டுத் தூக்க எங்க தெருப் பொண்ணுங்க வருவாங்க. உறுமி அடிக்க என் தம்பி பசங்க இருக்கானுங்க."

லாட்ஜ் கட்ட எனக்கு ஏழு வருடம் ஆனது. பினாங்கில் பிறந்த வீடு உண்டாக்க ஒரு மாலை கட்டும் நேரம்தான் ஆனது.

மூன்றாம் நாள் முழுக்க சாமானை வெளியேற்றும் வேலை. தாம்பாளங்கள், தங்கைக்குக் கோராப்பட்டு, மருமகனுக்கு வேட்டி சட்டை, மோதிரம், எல்லாம் மாடி அறையில் அல்லவா இருந்தன? முன்பக்கம் கொண்டுபோனால் அக்னேஸம்மா காதுக்குப் போய்விடும் என்று சமையலறை வழியாகப் பின்வாசலுக்குக் கொண்டுபோனோம். ரிச்சர்டுக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாமா, நாளைக்கு இந்தச் சாமான் எல்லாம் எங்க போகணும்?"

"கீழ் ஹாலுக்கு."

"ஹால் இங்கதான் இருக்கு மாமா. அப்புறம் எதுக்கு வெளிய கொண்டு போறோம்?"

"வெளிய போனாத்தான்டா அப்பு உள்ள வரும்."

பின்வாசலில் காவல்காரன் மறித்தான். பித்தளை பளபளப்பைப் பார்த்ததும், ஹோட்டலின் பழைய சாமானை எவனோ தூக்கிக்கொண்டு போகிறான் என்று நினைத்துவிட்டான். மேனேஜர் வந்தார். நோரா என்று ஒரு மலாய்க்காரப் பெண், தலையில் முக்காடு, காலில் குதி உயர்ந்த செருப்பு. ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து, அடியில் என் மண்டபத்தின் பெயர் அடித்திருப்பதைக் காட்டினேன். ரிச்சர்ட் நடந்ததைச் சொன்னான். அந்தப் பெண் கேட்டதை அவன் தமிழில் சொன்னான்: "உள்ள இருக்கிறதை வெளிய கொண்டுபோய், மறுபடி உள்ள கொண்டு வரப்போறாரா?"

"ஆமான்னு சொல்லு."

நோரா ஒரு தள்ளுவண்டி தரச் சொன்னார். அதுவரை நல்ல பெண் என்றுதான் நினைத்தேன்.

கல்யாண நாள். பூசை முடிந்தது. சீனச் சொந்தங்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் ஒரு பக்கம், சாமியார் இரண்டு பாஷையிலும் பிரசங்கம் வைத்தார், இரண்டிலும் நீளம்தான். மணமக்கள் ஹோட்டலுக்குப் போனார்கள். என் தங்கையும் அக்னேஸம்மாவும் கூடவே போனார்கள். நான் பூக்கடைக்குப் போனேன்.

இருபத்தொரு தட்டும் வரிசையாகத் தயாராக இருந்தன. ஆள் ஒன்று குறைந்தது, வேடிக்கை பார்க்கக் கணவரோடு வந்திருந்த ஆஸ்திரேலியாக்கார அம்மா தேங்காய்த் தட்டை எடுத்துக்கொண்டார். அவர் கணவர் எனக்குக் குடை பிடித்தார். உறுமி முழங்கியதும் தெருவே வெளியே வந்தது. கடைகளில் டீ ஆற்றியவன் ஆற்றிய கையோடு நின்றான். ரிக்‌ஷாக்காரர்கள் மணியடித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். நான் தலைப்பாகையோடு முன்னால் நடந்தேன். என் இரண்டு மகள்கள் கல்யாணத்தில்கூட அப்படி நடந்ததில்லை. அங்கே பந்தியைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஹோட்டல் முகப்பில் வந்து நின்றோம். பெரிய கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிறு. பக்கத்தில் கண்ணாடி வாசல் திறந்திருந்தது. அங்கிருந்து ஒரு பையன் ஓடிவந்து, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கை காட்டினான்.

நான் நகரவில்லை. நான் நகராததால் இருபத்தொரு தட்டும் நகரவில்லை. உறுமிப் பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

நோரா வந்தார், கூடவே ரிச்சர்ட், கோட்டு சூட்டில். "மாமா, இந்தக் கதவைத் திறக்கிறதே இல்லையாம். பழைய மரம். புதுப்பிச்ச நாளையிலேருந்து சும்மா பார்க்கத்தான் வெச்சிருக்காங்களாம்."

"பார்க்கத்தான்னா செவுத்துல கதவுன்னு படம் வரைஞ்சு வெச்சிருக்கலாமேடா. மரத்தை ஏன் வீணாக்கினாங்க?"

ரிச்சர்ட் இதை மொழிபெயர்க்காமல் விழுங்கினான். லெட்சுமி விழுங்கவில்லை. என் பின்னாலிருந்து மலாயில் முழுசாகச் சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. நோராவின் முகம் சிவந்தது.

கதவில் காதை வைத்தேன். "பிலோ! நிக்கிறியா?"

"நிக்கிறேண்ணே." கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில்தான் நின்றிருந்தாள்.

"பக்கத்து வாசல்ல வாங்கங்கிறாக. நீ என்ன சொல்ற?"

அவள் பதில் சொல்வதற்குள் அக்னேஸம்மாவின் குரல் மரத்தைத் துளைத்து வந்தது. "என்னா பிலோமினா! சாப்பாடு ஆறுது. உங்க அண்ணனைச் சன்னல் வழியா ஏறி வரச் சொல்லேன். வர்றது வந்தாச் சரி, வழி எதுவா இருந்தா என்னா?"

எனக்கும் வெயில்தான். தட்டுப் பிடித்த பெண்களுக்குக் கை நோகும். ஆஸ்திரேலியாக்கார அம்மாவின் முகம் மிளகாய்ப் பழமாக இருந்தது. என் தங்கை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்ணாடி வாசலில் போயிருப்பேன். அவள் வீட்டு விசேஷம், அங்கே வாழ வேண்டியவள் அவள்.

"அண்ணே," என்றாள். "நிக்கலாம்ணே."

அவ்வளவுதான். தட்டுகளைக் கீழே வைக்காமல் நின்றோம். அங்கே அவள் நின்றாள். நடுவில் மரம். பஸ் ஒன்று நின்று வழி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை. சுற்றுலாவுக்கு வந்தவர்கள் வெடித்த ஓட்டை விட்டுவிட்டு எங்களைப் போட்டோ எடுத்தார்கள்.

உள்ளே நடந்ததை ஜெபமாலை எனக்குப் பிறகு சொன்னாள். அவள் முன்னாலேயே தங்கைக்குத் துணையாக உள்ளே போயிருந்தாள். மணப்பெண் மெய் லின் மேடைக்குப் போக எழுந்தவள், என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் வெள்ளைக் கவுனோடு மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துகொண்டு, நோராவைக் கூப்பிட்டுச் சொன்னாளாம்: "காலையில் எங்கள் சீன வழக்கப்படி என் வீட்டு வாசலில் ரிச்சர்டை என் தோழிகள் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பாடச் சொன்னார்கள், தண்டால் எடுக்கச் சொன்னார்கள். கதவு திறக்கிறவரை அவர் பின்பக்கமாக வரவில்லை. இவர் மட்டும் ஏன் வர வேண்டும்? அவர் வருகிறவரை நான் இங்கேயே இருக்கிறேன்."

கல்யாணப் பெண் படியில் உட்கார்ந்துவிட்டால் எந்த மண்டபத்து மேனேஜரும் சாவியைத் தேடத்தான் வேண்டும். எனக்குத் தெரியும். நோரா மேலே யாருக்கோ போன் போட்டார். சாவி வந்தது. கயிறு போனது. இரண்டு ஆட்கள் உள்ளிருந்து இழுத்தார்கள். முனகல்கூட இல்லாமல் இரண்டு கதவும் வழுக்கிக்கொண்டு திறந்தன. எண்ணெய் போட்டு, துடைத்து, அருமையாகத்தான் வைத்திருந்தார்கள். திறக்கக் காரணம்தான் கிடைக்கவில்லை.

வாசலில் என் தங்கை. பக்கத்தில் மச்சான், ஜெபமாலை, பின்னால் சீனச் சொந்தங்கள் பூராவும். என் தங்கை கைகூப்பினாள். "வாங்கண்ணே. எல்லாரும் வாங்க."

நான் முதல் தட்டைக் கையில் வாங்கி முன்னால் நீட்டினேன். யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அக்னேஸம்மா விசிறியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"மதினி," என்றாள் பிலோமினா. அத்தனை வருடத்தில் அந்தக் குரலை அந்தம்மா கேட்டிருக்க மாட்டார். "விசிறியை நான் வெச்சுக்கிறேன். நீங்க தட்டைப் பிடிங்க."

அக்னேஸம்மா பிடித்தார். பித்தளைத் தட்டு, கனம். கை தாழ்ந்தது, நானும் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டேன். அவர் வாசல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தட்டு வரிசை ரோடு திரும்புகிற இடம்வரை நின்றது.

"எத்தினி தட்டு லா இது?" என்றார், மெதுவாக.

"எண்ணிக்கிட்டே உள்ள போங்க மதினி," என்றாள் என் தங்கை.

மாப்பிள்ளை கழுத்தில் என் மாலை விழுந்தது. விருந்தில் பதினோரு வகை வந்தது. அதில் ஆறு எனக்கு என்னவென்று தெரியாது, எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அக்னேஸம்மா எங்கள் பந்திக்கே வந்து ஜெபமாலைக்கு மீன் எடுத்து வைத்தார். பிறகு சீனச் சொந்தங்களிடம் போய், சீர் என்றால் என்ன, முதல் தட்டை யார் வாங்க வேண்டும், ஏன் என்று கண்டக்டர் குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். என் தங்கை எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே, அன்றைக்குத்தான் சாப்பிடத் தெரிந்ததுபோலச் சாப்பிட்டாள்.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து ரிச்சர்ட் ஒரு படம் அனுப்பினான். ஹோட்டல்காரர்கள் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். திறந்த பெரிய கதவு, தட்டு வரிசை, தலைப்பாகையோடு ஒரு முதுகு. அந்த முதுகு என்னுடையது. கீழே எழுதியிருந்ததை ரிச்சர்ட் சொன்னான்: உங்கள் திருமணத்துக்கு எங்கள் ஹோட்டலின் பழம்பெரும் மரபுப்படி பெரிய கதவைத் திறந்து உறவினர்களை வரவேற்கிறோம். அதற்குத் தனிக் கட்டணமாம். சுற்றிக் காட்டுகிற பையன், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இது வழக்கம் என்று வருகிறவர்களிடம் சொல்கிறானாம். வெள்ளைக்காரனுக்குத் தாய்மாமன் சீர் ஏது?

கட்டணம் வாங்கட்டும். தொழில் செய்கிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் மண்டபக்காரன்தானே, நானாக இருந்தாலும் வாங்குவேன். ஆனால் மரபை உண்டாக்கியவன் முதுகைப் போட்டுவிட்டுப் பெயரைப் போடாமல் இருப்பது என்ன நியாயம்? வெடித்த ஓட்டுக்குக் கண்ணாடியும் விளக்கும் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் கதவின் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு அடிக்கத் தெரியாதா? தகடு நானே அடித்து அனுப்பத் தயார். அதில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன்: 'இந்தக் கதவை வெளியே நின்று திறக்க வைத்தவர் திண்டுக்கல் சவரிமுத்து. உள்ளே நின்றவர் அவர் தங்கை பிலோமினா.' அவள் பெயர் இரண்டாவதாக இருந்தால் போதும். அவளே அப்படித்தான் சொல்வாள். படியில் உட்கார்ந்த பெண்ணின் பெயரையும் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, இடமிருந்தால்.

இவ்வளவு எழுதியும் அந்த ஹோட்டலின் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறந்துபோய் விட்டதல்ல. அவர்கள் என் பெயரைப் போடட்டும், நான் அவர்கள் பெயரைப் போடுகிறேன்.